கால் பதியாத அறுபத்திரண்டு நாள்

பனிச்சறுக்குப் பறத்தலின் சர்வதேசப் பருவம் எங்கள் பள்ளத்தாக்கில் தொடங்கிய சனிக்கிழமை காலை, பத்து மணி இருபது நிமிடத்துக்கு, அகதி முகாமில் இருந்த அமலறூபன் பறக்கும் குன்றின் உச்சியிலிருந்து சறுக்கி வந்து, மேடையின் விளிம்பில் காற்றில் ஏறி, பிறகு இறங்காமல் அங்கேயே நின்றுவிட்டபோது, எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவி றெஜினா அக்கா முதலில் சொன்னது, மத்தியானச் சாப்பாட்டு ரிக்கற் ஒன்று வீணாகப் போகிறதே என்பதுதான்.

நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று சங்கத்தின் பொதுக்கூட்டம் கைதூக்கித் தீர்மானித்திருக்கிறது. வடக்கில் உள்ள நாடு என்று மட்டும் சொல்லலாம். நாங்களும் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் எங்கள் வடக்கில் பனி என்றால் மார்கழி விடியலில் வாழையிலையில் நிற்பது. அங்கே நாங்கள் நீளம் பாய்ந்தோம், உயரம் பாய்ந்தோம். இந்தியத் தமிழர் அதையே தாண்டினார்கள். இங்கே காலில் இரண்டரை மீற்றர் பலகையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து குதிக்கிறவர்களோ, குன்றின் அளவு நூற்றெண்பத்தைந்து மீற்றருக்குக் குறைந்தால் பாய்கிறார்கள், அந்த அளவை எட்டினால் பறக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைச் சர்வதேச சம்மேளனம் எழுத்தில் வைத்திருக்கிறது. எங்கள் குன்று இருநூற்று நாற்பது. ஆகவே எங்கள் ஊரில் பறத்தல்தான், பாய்தல் அல்ல, இதைத் தமிழில் மாற்றிச் சொல்கிறவர்களை நான் வழியில் மறித்துத் திருத்தியிருக்கிறேன்.

போட்டி என்றால் இங்கே முழு ஊரும் கூலியில்லாமல் வேலைக்கு வரவேண்டும். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழு வாஃபிள் சுடும், வேட்டைக் கழகம் வாகனத் தரிப்பிடத்தைப் பார்க்கும், தமிழ்ச் சங்கம் தூரம் அளக்கும். தூரத்தை அளக்கக் கமெரா இருக்கிறது. கமெரா கண்ணை மூடிவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, இறங்குதளத்தின் ஓரத்தில் மீற்றருக்கு ஒரு முளையாக நட்டு, முளைகளுக்குப் பக்கத்தில் மனிதரையும் நிறுத்தி வைக்கிறார்கள். இருநூறாம் முளையிலிருந்து இருநூற்று நாற்பதாம் முளை வரை எங்கள் ஆட்கள். எவருடைய முளைக்கு நேரே பறப்பவரின் கால் பதிகிறதோ அவர் கையைத் தூக்கவேண்டும். றெஜினா அக்கா இருநூற்று இருபத்தெட்டு. இருபத்தொன்பது வருடம் வைத்தியசாலைச் சலவைக் கூடத்தில் வேலை செய்தவர். வெள்ளை வெளேரென்ற ஒன்றில் சின்ன அடையாளம் விழுந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், தொண்டர் கைநூலைத் தமிழில் ஆக்கியவன் நான். பதினாறு பக்கம். அதில் இரண்டு இடங்களைப் பற்றி இன்றுவரை என்னோடு சண்டை பிடிக்கிறார்கள்.

முதலாவது ஒன்பதாம் பக்கம். அங்கே நான் எழுதியது: "இறங்கும்போது கை பதிந்தால் அழகுப் புள்ளி குறையும். தூரம் கால் பதிந்த இடத்திலேயே அளக்கப்படும்." பழுதில்லாத தமிழ். ஆனால் எங்கள் ஆட்களிடையே கை பதிதல் என்றால் ஒன்றுதான். ஐரோப்பாவுக்குள் முதலில் நுழைகிற நாட்டில், ஒரு கண்ணாடித் தட்டின்மேல் பத்து விரலையும் வைத்து எடுப்பார்கள். அதற்குப் பிறகு எந்த நாட்டில் போய்த் தஞ்சம் கேட்டாலும், கை பதிந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். அச்சடித்த கைநூலைக் கையில் வாங்கிய சங்கத்தார் ஒன்பதாம் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார்கள். றெஜினா அக்கா அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். தொடுதல், ஊன்றுதல், படுதல் என்று வேறு சொல் இல்லையா என்று கேட்டார். பதிதலுக்குப் பதிதல்தான் சொல், மக்களின் மனவருத்தத்துக்காக வினைச்சொற்களை நாடு கடத்த முடியாது என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் எனக்கு ஒரு கோப்பை ரீகூட ஊற்றவில்லை.

இரண்டாவது நாலாம் பக்கம். போட்டி தொடங்குமுன் குன்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளூர் இளைஞர் சிலர் முதலில் பறந்து காட்டுவார்கள். அவர்களுக்கு இந்த நாட்டு மொழியில் உள்ள பெயரை நான் "முன்னோடி" என்று தமிழாக்கினேன். எந்த அகராதியிலும் பாருங்கள், பிழை பிடிக்க முடியாது. ஆனால் முகாமில் படுத்திருந்து கைநூலைப் படித்த அமலறூபன், முன்னோடி என்றால் முன்னுக்கு ஓடுகிறவர், கொடியைப் பிடித்துக்கொண்டு வீரர்களுக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி ஓடுவதாக இருக்கும், பாடசாலையில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் தான் ஓடியதுதானே என்று நினைத்து, அந்த வரிக்கு நேரே தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார்.

அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. மனைவி கேதாரணி முல்லைத்தீவில். கை பதிந்தது தெற்கே ஒரு கடலோர நாட்டில். அங்கே திருப்பி அனுப்புவதற்கான விமானம் அந்தச் சனிக்குப் பின்வந்த திங்கட்கிழமைக்குப் பதிவாகியிருந்தது. மேன்முறையீட்டில் ஒட்டுவதற்கு, ஊரோடு சேர்ந்து வாழ்கிறார் என்று காட்டும் ஏதாவது ஒரு சான்றிதழ் இருந்தால் நல்லது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்; தொண்டர்களுக்குச் சாப்பாட்டு ரிக்கற்றும் சான்றிதழும் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழுக்காகத்தான் அவர் ஓடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, விடியவே எழும்பி, இரண்டு பஸ் மாறி வந்தார்.

இந்த நாட்டில் கையொப்பமிட்ட படிவத்தை எவரும் சந்தேகிப்பதில்லை. குன்றுத் தலைவர் ஹால்வார், ஓய்வுபெற்ற தச்சர், பட்டியலில் பெயர் இருக்கிறது என்று தலையாட்டினார். உபகரணச் சோதனைக்காரர் அமலறூபனை நிறுத்துப் பார்த்து, ஐம்பத்துமூன்று கிலோ, பறப்பதற்கென்றே அளந்தெடுத்த உடம்பு என்று மகிழ்ந்தார். முகாமின் சாப்பாடு அப்படி. காய்ச்சலில் கிடந்த ஒரு பொடியனின் உடுப்பையும் பலகைகளையும் மாட்டினார்கள். அமலறூபன் மொழி வகுப்பில் ஆறாம் பாடம் வரை, அதாவது பஸ் தரிப்பிடம் எங்கே என்பது வரை, வந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் சம்மதமாகத் தலையாட்டி ஓம் என்றார். மின்தூக்கியில் ஏற்றினார்கள், ஏறினார். குறுக்குச் சட்டத்தில் இருத்தினார்கள், இருந்தார். கீழே உலகம் ஒரு வெள்ளைத் துவாய் போலத் தொங்கிக்கொண்டிருக்க, பச்சை விளக்கு எரிந்தது, பின்னால் நின்ற அதிகாரி போ என்று கையைக் காட்டினார். கொழும்பிலும் மொஸ்கோவிலும் வேறு பெயர் தெரியாத ஊர்களிலும், அதிகாரி கையைக் காட்டினால் வரிசை நகரவேண்டும் என்பதைப் படித்தவர் அவர். நகர்ந்தார்.

பறப்பவர்கள் கைகளை உடம்போடு ஒட்டி, பலகைகளை விரித்து, காற்றின்மேல் படுப்பார்கள். அமலறூபன் முழங்கைகளை வெளியே தள்ளி, நாடியை முன்னே நீட்டி, வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளின் பின்னால் சாமானோடு இருக்கிறவரைப் போல மேடையை விட்டுப் போனார். பன்னிரண்டு மீற்றர் உயரத்தில், விளிம்பைத் தாண்டிய உடனே, நின்றார். முற்றாக நின்றார் என்பதும் சரியல்ல. நாளொன்றுக்கு மூன்று மீற்றர் எண்பது சதமமீற்றர் வீதம் முன்னே போய்க்கொண்டிருந்தார் என்பது பிறகு அளந்துபார்த்ததில் தெரிந்தது.

மேலே நாற்பது வீரர் காத்திருந்தார்கள், கீழே இருபதாயிரம் பேர் மணி ஆட்டினார்கள், தொலைக்காட்சி விளம்பரம் போட்டது. நடுவர் குழு கூடியது. பறப்பில் இருக்கும் ஒருவரை எவரும் தொடக்கூடாது என்று விதி. ஒரு பறப்பு முடிந்தாலொழிய அடுத்த பறப்பு தொடங்கக்கூடாது என்றும் விதி. இரண்டையும் ஒருமித்துக் காப்பாற்றினால் அந்த வருடப் பருவம் அத்தோடு முடிந்துவிடும். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்வார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: முன்னோடிக்குப் போட்டியில் இடம் இல்லாதபடியால் இரண்டாம் விதி அவரைக் கட்டுப்படுத்தாது, முதலாம் விதி கட்டுப்படுத்தும், மற்றவர்கள் எட்டு மீற்றர் உயரத்துக்கு மேல் போவதில்லை, ஆகவே அவருக்குக் கீழால் போகலாம். போனார்கள். யப்பானிய வீரர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அமலறூபனின் முதுகுக்குத் தலை குனிந்தார். மற்றவர்களுக்கு அவர் ஒரு விளக்குக் கம்பம்.

திங்கட்கிழமை விமானம் அவர் இல்லாமல் போனது. புதன்கிழமை பொலிஸ் அதிகாரி சோல்வெய் கோப்போடு வந்தார். மோசமான பெண் இல்லை, முழங்கால் வலிக்காரி. இறங்குதளத்தின் ஓரத்தால் எழுநூறு படி ஏறி வந்து, மேலே பார்த்து, நாட்டை விட்டு வெளியேறும் கட்டளையை உரத்து வாசித்தார். அமலறூபன் ஓம் என்றார். கட்டளையைக் கையில் கொடுத்தால்தான் செல்லும். தீயணைப்பு ஏணியைக் கொண்டுவரலாமா என்று சோல்வெய் கேட்க, ஹால்வார் விதிப் புத்தகத்தை நீட்டினார். பறப்பு நடந்துகொண்டிருக்கும்வரை குன்று நடுவர் குழுவுடையது. கால் பதிந்து, பறப்பு முடிந்தது என்று நடுவர் குழு சொன்ன அந்த நொடியில் அவர் பொலிசுடையவர். இதை எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள். இந்த நாட்டில் பனிச்சறுக்கு விதிகளுக்கு முன்னால் மற்றச் சட்டங்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். அதன்பிறகு சோல்வெய் ஒவ்வொரு புதனும் வந்தார், வாசித்தார், ஓம் என்ற பதிலைக் குறித்துக்கொண்டார், முழங்காலைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

கணக்கை எங்களுக்கு வழக்கறிஞர் விளங்கப்படுத்தினார். கை பதிந்த நாட்டுக்கு ஒருவரை ஆறு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் பொறுப்பு இந்த நாட்டுக்கே வந்துவிடும், வழக்கை இங்கேயே கேட்கவேண்டும், வென்றால் மனைவியையும் கூப்பிடலாம். அமலறூபனின் ஆறு மாதம் மார்ச் இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடும் நேரமான பின்னேரம் நாலு மணிக்கு முடிகிறது. எங்களில் பொறியியல் படித்த ஒருவர் குன்றின் சரிவையும் நாளாந்த நகர்வையும் வைத்துக் கீறிப் பார்த்தார். கால் பதியும் இடம் இருநூற்று இருபத்தெட்டு மீற்றர். கால் பதியும் நாள் மார்ச் பதினெட்டு, புதன்கிழமை. இரண்டு நாள் காணாது, குறைகிறது.

அந்த இரண்டு நாளைப் பற்றிச் சங்கம் பதினொரு கூட்டம் கூட்டியது. எதிர்க்காற்று அடித்தால் பறப்பு நீளும் என்பதால், பள்ளத்தாக்கின் அடியில் இருப்பவர்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து உள்ளிருக்கும் சூட்டுக் காற்றை மேலே விடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார்; மின்சாரச் செலவைப் பற்றி இன்னொருவர் கேட்க, முன்மொழிவு கைவிடப்பட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் வந்து, வீடும் கார்களும் வாங்கிவிட்ட சிலர், இவர் ஒருவரால் எல்லோருக்கும் கெட்ட பெயர், மரியாதையாக இறங்கச் சொல்லவேண்டும் என்றார்கள். எப்படி இறங்குவது என்று றெஜினா அக்கா கேட்டார். அதை அவரல்லவா யோசித்துவிட்டு ஏறியிருக்க வேண்டும் என்றார்கள்.

சாப்பாட்டுக்கு முறை போட்டோம். விளக்குகளில் பனி தட்டுவதற்கென்று குன்றில் வைத்திருந்த பதினைந்து மீற்றர்க் கழியின் நுனியில் தூக்குச்சட்டியைக் கட்டி நீட்டுவது. ரீ கொடுப்பது வெளியுதவி ஆகுமா என்று நடுவர் குழு ஒரு மணி நேரம் விவாதித்து, கழி உடம்பில் படாதவரை ஆகாது என்று தீர்த்தது. மற்ற அலுவல்களை எப்படிப் பார்த்தார் என்று கேட்பவர்களுக்கு, அது சங்கத்தின் கூட்டக்குறிப்புகளில் இல்லை என்று பதில் சொல்வது என் வழக்கம். மூன்றாம் வாரம் அமலறூபன் புட்டுக்குக் கறி காணாது என்றும் சம்பலுக்கு உப்பு இல்லை என்றும் மேலேயிருந்து சொல்லத் தொடங்கினார். றெஜினா அக்கா கழியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து, "தம்பி, ஆகாயத்திலை நிண்டுகொண்டு உப்புப் பாக்கிற முதல் ஆள் நீதான்" என்றார்.

அதே கழியில் ஒரு ரெலிபோனையும் கட்டினோம். கேதாரணி ஒவ்வொரு நாளும் மத்தியானம் எடுப்பார். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

"எங்கை நிக்கிறியள்?"

"நிக்கேல்லை."

"அப்ப இருக்கிறியளோ?"

"இருக்கவும் இல்லை."

"உங்களோடை ஒரு நாளாவது நேராக் கதைக்கேலாதே? கல்யாணம் கட்டி மூண்டு வரியமா இதே பதில்தான்."

குளிர்கிறதா என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, முகாமை விடக் குறைவு என்றார் அமலறூபன். எனக்கு முன்னாலையும் ஒருதரும் இல்லை, பின்னாலையும் ஒருதரும் இல்லை, வரிசை இல்லாத இடத்திலை இப்பதான் முதல்முதல் நிக்கிறன் என்றும் சொன்னார். நிக்கேல்லை எண்டு இப்பதானே சொன்னியள் என்று கேதாரணி கேட்டார்.

ஊர் அவரைப் பழகிக்கொண்டது. உள்ளூர்ப் பத்திரிகை முதல் வாரம் முதற் பக்கத்தில் போட்டது, இரண்டாம் வாரம் ஆறாம் பக்கத்தில், பிறகு வானிலைப் பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது: பகுதி மேகமூட்டம், பூச்சியத்துக்குக் கீழ் எட்டுப் பாகை, எழுபத்தாறு மீற்றர். வெயில் நாளில் அவருடைய நிழல் பலகையும் முழங்கையுமாகப் பனியில் விழுந்து, காலையில் மேற்கு வேலியிலிருந்து புறப்பட்டு, கிழக்கு வேலியைத் தொடும்போது பாடசாலை பஸ் வரும்; மணிக்கூட்டைப் பார்க்கிற பழக்கத்தைத் தாய்மார் விட்டுவிட்டார்கள். பாதிரியார் அவரைப் பிரசங்கத்தில் இரண்டு ஞாயிறு பயன்படுத்தினார், மூன்றாவது ஞாயிறு சலித்துவிட்டார். பருவம் வேறு மூன்று நாடுகளுக்குப் போனது. அங்கே பயிற்சியாளர்கள் அமலறூபனின் படத்தைச் சுவரில் ஒட்டி, இந்த முழங்கையில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். இரண்டு வீரர்கள் முழங்கையைத் தள்ளிப் பறந்து, ஒருவர் சொந்தச் சாதனையை முறித்தார், மற்றவர் கழுத்தெலும்பை.

பெப்ரவரி நடுவில் தலைநகரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட நபர் விமானத்துக்கு வராதபடியால் தலைமறைவானவர் எனக் கருதப்படுவார். தலைமறைவானவருக்கு ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீளும். வழக்கறிஞர் தளர்ந்துபோனார். நான் தளரவில்லை. சொல் ஒன்று என் மேசைக்குத் தானாக நடந்து வந்து மாட்டுப்படுவது ஆயுளில் ஒருமுறை. ஏழு பக்கத்தில் பதில் எழுதினேன். அவர்களுடைய மொழியில் அந்தச் சொல்லின் வேரைப் பிரித்துக் காட்டினேன். எங்கள் மொழியில் அது தலை, மறைவு என்ற இரண்டாலானது என்று விளக்கினேன். மேற்படி நபரின் தலை ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பெற்றோல் நிலையத்திலிருந்தும் தெரிகிறது என்பதற்கு நிலையக்காரரின் சாட்சியத்தை இணைத்தேன். மேற்படி தலை தினமும் வானிலைப் பெட்டியில் வெளியாவதற்குப் பத்திரிகை நறுக்குகள் பதினாலு. இரண்டு வாரத்தில் ஒரு வரியில் பதில் வந்தது. தலைமறைவு வாபஸ். வெற்றிச் செய்தியை ஒலிபெருக்கியில் நான் வாசித்தபோது, அமலறூபன் மேலேயிருந்து நன்றி சொல்லிவிட்டு, "அண்ணை, முன்னோடி எண்ட சொல்லுக்கும் இப்பிடி ஏழு பக்கம் முதலே எழுதியிருக்கலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்துப் பார்த்தேன். சொல் சரியாகத்தான் இருந்தது. சொல் சரியாக இருந்து என்ன.

மார்ச் வந்தது. பனி உள்ளே உருகி வெளியே இறுகியது. அமலறூபன் நூற்றுத் தொண்ணூறைக் கடந்தார், இருநூறைக் கடந்து எங்கள் முளைகளுக்குள் வந்தார். பன்னிரண்டு மீற்றர் ஐந்தாகி, இரண்டாகி, ஒன்றாகியது. கழி வேண்டாம், கரண்டியால் கொடுக்கலாம். ஆனால் எவரும் தொடக்கூடாது. இப்போது முகம் கிட்டத்தில் தெரிந்தது, உதடு வெடித்து, தாடி வளர்ந்து, கண் மட்டும் நித்திரை கொண்டு எழும்பியவர் போல. பருவத்தின் கடைசிப் போட்டிக்காக எல்லா நாட்டு வீரரும் எங்கள் குன்றுக்குத் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

பதினெட்டாம் திகதி, புதன்கிழமை, பொறியியலாளரின் கணக்கு அச்சொட்டாகப் பலித்தது. பலகைகள் பனிக்கு ஒரு சாண் உயரத்தில், இருநூற்று இருபத்தெட்டாம் முளைக்கு நேரே. புதன் என்பதால் சோல்வெய் கோப்போடு நின்றார். இந்த முறை கூடவே இரண்டு பொலிஸ்காரரும் கீழே ஒரு வாகனமும். றெஜினா அக்கா தன் முளைக்குப் பக்கத்தில், கைகளை உடம்போடு ஒட்டியபடி. நான் அவருக்குப் பின்னால், கைநூலோடு.

பதினொரு மணியளவில் அமலறூபன் குனிந்து கீழே பார்த்தார். அறுபது நாள் பன்னிரண்டு மீற்றரைப் பார்த்துப் பயப்படாதவர் ஒரு சாணைப் பார்த்துப் பயந்துவிட்டார். விழப்போகிறவர்கள் செய்வதையே செய்தார். இரண்டு கையையும் முன்னே ஊன்றினார். கையுறையின் பத்து விரலும் பனியில் ஆழமாக, வரி வரியாக, ஒன்றும் தவறாமல் பதிந்தன.

சோல்வெய் ஓரடி முன்னே வந்தார். கோப்பைத் திறந்தார். இறங்கிவிட்டார்தானே என்று ஹால்வாரைக் கேட்டார். எல்லோரும் இருநூற்று இருபத்தெட்டாம் முளையைப் பார்த்தார்கள்.

றெஜினா அக்கா கையைத் தூக்கவில்லை. திரும்பிப் பாராமலே என் பக்கம் கையை நீட்டினார். நான் கைநூலைக் கொடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தை விரித்து, அந்த இரண்டு வரியையும் முதலில் தமிழில் படித்தார், பிறகு சலவைக் கூடத்தில் பழகிய அந்த நாட்டு மொழியில், அதட்டலாக, சோல்வெய்க்குச் சொன்னார். கை பதிந்தால் அழகுப் புள்ளிதான் குறையும். கை பதிந்ததை வைத்து எந்த இடத்திலும் ஒருவரை இறங்கினவராக எழுத முடியாது. கால் எங்கே பதிகிறதோ அங்கேதான். கால் இன்னும் பதியவில்லை, நான் இருபத்தொன்பது வருடமாக வெள்ளையைப் பார்க்கிறவள், எனக்குத் தெரியும்.

ஹால்வார் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதிலும் அப்படியே இருந்தது. பறப்பு நடந்துகொண்டிருக்கிறது என்றார். சோல்வெய் கோப்பை மூடினார்.

பிறகு றெஜினா அக்கா முழங்காலை மடித்து, அமலறூபனின் முகத்துக்கு நேரே குனிந்தார். அத்தனை வாரத்தில் அவர் குரலில் எரிச்சல் இல்லாமல் நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"தம்பி, கை பதிஞ்சாப் பரவாயில்லை. காலைத் தூக்கு."

தூக்கினார். இரண்டு உள்ளங்கையையும் பனியில் வைத்து, இரண்டரை மீற்றர்ப் பலகைகளைப் பின்னால் வானத்தில் விரித்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவரைப் போல, புதன் முழுக்க நின்றார். வியாழன் முழுக்க நின்றார். வீரர்கள் பயிற்சிப் பறப்பில் அவருக்கு இடப்பக்கத்தால் ஒதுங்கி இறங்கினார்கள். றெஜினா அக்கா முளையை விட்டு நகரவில்லை. கதிரை கொண்டுவந்தோம், இருக்கவில்லை. முன்பு மரியாதையாக இறங்கச் சொன்னவர்கள் வியாழன் பின்னேரம் போர்வையோடு வந்து, தொடாமல், காற்றுப் படாதபடி அமலறூபனைச் சுற்றி வேலி போல நின்றார்கள். ஒருவருக்கொருவர் கார் நிறுத்திய இடத்தைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டே நின்றார்கள். சோல்வெய்யும் வியாழன் வந்தார், அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றி றெஜினா அக்காவுக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அமலறூபனின் முழங்கை நடுங்கத் தொடங்கியது. ரெலிபோனைப் பனியில் வைத்திருந்தோம். மறுபக்கத்தில் கேதாரணி. எங்கே நிற்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. எவரும் அசையவில்லை, மணிக்கூடுகள் பிழையாகக் காட்டலாம். நாலு பதினொன்றுக்கு முழங்கை மடிந்தது, பலகைகள் வானத்தில் ஒரு வளைவு போட்டு முன்னே வந்தன, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, முழங்கால் மடிந்து, உலகத்து வீரர்கள் பத்து வருடம் பழகியும் வாய்க்காத அழகில், இரண்டு காலும் பதிந்தன.

றெஜினா அக்கா கையைத் தூக்கினார்.

இருநூற்று இருபத்தெட்டு மீற்றர் ஐம்பது. சோல்வெய் கோப்பைத் திறந்து, கட்டளையின் திகதியைப் பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து, அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஐந்து அழகு நடுவர்களும் கை பதிந்ததற்காகப் புள்ளி குறைத்தார்கள்; விதி விதிதான். அமலறூபன் அங்கேயே பனியில் சம்மணமிட்டு இருந்து ரெலிபோனை எடுத்து, "இப்ப இருக்கிறன்" என்றார்.

சான்றிதழ் கொடுத்தார்கள். ஜனவரி பதினேழாம் திகதி ஒரு நாள் தொண்டராகப் பங்குபற்றினார் என்று இருந்தது. மற்ற அறுபத்தொரு நாளும் எங்கே என்று நான் கேட்டதற்கு, படிவத்தில் ஒரு நாளுக்குத்தான் கையொப்பமிட்டிருக்கிறார் என்றார்கள். சாப்பாட்டு ரிக்கற் காலாவதி. வழக்கு இங்கே மாறிவிட்டது, புது இலக்கம், புதுக் கோப்பு, முதலாம் கேள்வி: இந்த நாட்டில் எந்த இடத்தில், எந்தத் திகதியில் கால் வைத்தீர்கள்? அமலறூபன் மீற்றர்க் கணக்கில் பதில் எழுதியிருக்கிறார்.

அடுத்த பருவத்துக்கான கைநூலில் ஒன்பதாம் பக்கம் அப்படியே இருக்கிறது. றெஜினா அக்கா அதைத் தொட விடவில்லை. நாலாம் பக்கத்தை நான் மாற்றிவிட்டேன். முன்னோடி என்ற சொல்லை எடுத்துவிட்டு, அழகுக்குக் கேடானாலும் எவரும் மாறி விளங்கிக்கொள்ள முடியாதபடி, எழுதினேன்: "போட்டி தொடங்குமுன், காலில் பலகை கட்டி, இருநூற்று நாற்பது மீற்றர்க் குன்றின் உச்சியிலிருந்து காற்றில் பாய்ந்து பறந்து காட்டவேண்டியவர். ஓடவேண்டியவர் அல்ல." கைநூல் போய்ப் பத்து நாளில் அந்த வரிக்கு நேரே நாற்பத்து மூன்று பெயர் வந்தது. எவரும் பலகையைக் கண்ணால் கண்டவரில்லை. எல்லோரும் கை பதிந்தவர்கள்.

பொறுமை போய், பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இது ஓடுகிற வேலை இல்லை, பறக்கிற வேலை, வாசித்து விளங்கித்தான் கையொப்பமிட்டீர்களா என்று கேட்டேன். முதலாவதாக எடுத்த பொடியன் சொன்னான்:

"விளங்கினபடியால்தான் அண்ணை பேர் தந்தனான்."